கோரையும் அருகும்: மக்காச்சோளம், உளுந்து சுழற்சியில் களைக்கொல்லி எங்கே தவறுகிறது?

கோரையையும் அருகையும் ஒரே மருந்தில் முடிக்க நினைப்பதுதான் பெரிய தவறு. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு ஓடினால் அருகு. கோரை புல் இனமே அல்ல. உளுந்தில் புல்லுக்கு அடிக்கும் குயிசலோபாப் அதை ஒன்றும் செய்யாது. அதே மருந்து மக்காச்சோளத்தையே கொன்றுவிடும். ஆகவே கோரையை மக்காச்சோளத்திலும் அருகை உளுந்திலும் மடக்க வேண்டும்.

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் போடும் களைக்கொல்லியான அட்ரசின், விதையிலிருந்து முளைக்கும் களைக்குத்தான். கிழங்கிலிருந்து எழும் கோரை அதைத் தாண்டி வந்துவிடும். (ஊடுபயிராக உளுந்து இருந்தால் அட்ரசின் கூடவே கூடாது.) கோரைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தால் மேல் இலை கருகும், கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

கோரைக்கு ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75% குருணைதான் சரி. ஏக்கருக்கு 36 கிராம், 150 லிட்டர் தண்ணீர். கோரை 3, 4 இலை விட்டபின், பூக்கும் முன் அடிக்க வேண்டும். அளவு தவறுவது டேங்கில்தான். 10 லிட்டர் டேங்குக்கு 2.4 கிராம் என்பதைக் கரண்டியால் அள்ள முடியாது. 36 கிராமையும் கரைத்து மொத்தம் ஒன்றரை லிட்டராக்கி, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கலக்கிவிட்டு, டேங்குக்கு 100 மில்லி ஊற்றுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

நாலு நாளாகியும் பச்சையாக நிற்கிறதே என்று களை வெட்டிவிடுகிறார்கள். பாழாவது இங்கேதான். இலையில் பட்ட மருந்து கிழங்குக்கு இறங்க அவகாசம் வேண்டும். மஞ்சளாகவே ஒரு வாரம், காய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மேலும், கிழங்குகள் சங்கிலியாய்க் கோத்திருக்கும்வரை நுனிக் கிழங்குதான் முளைக்கும், மற்றவை உறங்கும். வெட்டி அறுத்தால் உறங்கியதெல்லாம் முளைக்கும்.

உளுந்தில் அருகுக்குக் குயிசலோபாப் ஈத்தைல் 5%, ஏக்கருக்கு 300 முதல் 400 மில்லி. ஈரம் இருந்து அருகு தளதளவென்று ஓடும்போது அடியுங்கள். வாடிய அருகில் மருந்து வீண். பழைய அருகு ஒரே தெளிப்பில் ஒழியாது. டேங்கையும் குழாயையும் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடுத்து மக்காச்சோளத்துக்குள் போகாதீர்கள்.

பயிர், களை என்று பாராமல் கொல்லும் கிளைபோசேட்டுக்கு இந்த வயலில் இடமில்லை. அது தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான் பதிவானது. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் ஆணை அதை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மட்டுமே தெளிக்கலாம் என்றது.

ஹாலோசல்பியூரான் மண்ணில் மிஞ்சி உளுந்தைத் தாக்கலாம். லேபிளில் அடுத்த பயிருக்கான இடைவெளியைப் பாருங்கள். கூடவே, அந்த மண்ணை ஒரு தொட்டியிலும் மருந்து படாத மண்ணை இன்னொன்றிலும் நிரப்பிப் பத்துப் பத்து உளுந்து ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் முதல் தொட்டிச் செடி குன்றியோ வெளிறியோ நின்றால் விதைப்பைத் தள்ளிப்போடுங்கள்.