ஸ்பானிஷ்ல ‘பாயா’ எங்க போடணும்?

ஸ்பானிஷ்ல போறதுக்கு ‘இர்’. நான் போறேன்னா ‘போய்’, ஆமா நம்ம போய் மாதிரியேதான், ஆனா பஸ்ல வர்ற ப. சப்ஜங்க்டிவ்ல, அதாவது ஆசை, சந்தேகம், இன்னும் நடக்காதது சொல்றப்ப வர்ற வினை வடிவத்துல, இதுவே பாயா ஆயிடும், ஆட்டுக்கால் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

எர், இர்-னு முடியுற வினைகளுக்கு வழக்கமான ரூல், ‘நான்’ வடிவத்துல கடைசி ஓ-வ எடுத்துட்டு ஆ போடுறது, ‘என்கிட்ட இருக்கு’ன்ற தெங்கோ தெங்கா ஆகுற மாதிரி. போய் ஓ-ல முடியலயே, அதனால இங்க அந்த ரூல் ஓடாது, மனப்பாடம்தான். நான், அவன், அவ, நீங்க எல்லாத்துக்கும் பாயா, நீ-க்கு பாயஸ், நாம-க்கு பயாமோஸ், அவங்களுக்கு பாயன். ஸ்பெயின்ல ‘நீங்க எல்லாரும்’க்கு பயாய்ஸ்னு ஒன்னு இருக்கு, அந்தப் பக்கம் போகாதவங்க விட்டுடலாம்.

எப்ப போடணும்? ஆசைப்படுறவர் ஒருத்தர், போறவர் வேற ஒருத்தர்னா போடணும். எனக்கே போகணும்னா ‘கியேரோ இர்’, நீ போகணும்னு எனக்கு ஆசைன்னா ‘கியேரோ கே பாயஸ்’. அப்புறம் சந்தேகம்: அவன் போவான்னு நினைக்கிறேன், ‘க்ரேயோ கே பா’. போவான்னு தோணல, ‘நோ க்ரேயோ கே பாயா’. போகாதன்னு சொல்லவும் ‘நோ பாயஸ்’ தான்.

நம்மாளுங்க மாட்டுறது ‘குவாந்தோ’ல, நம்ம ‘போறப்ப’ல வர்ற ‘அப்ப’தான் அது. தமிழ்ல தினமும் போறப்பவும் போறப்பதான், அடுத்த மாசம் போறப்பவும் போறப்பதான், அதனால நான் ரொம்ப நாள் ரெண்டுக்கும் ஒரே வடிவத்த போட்டு திட்டு வாங்கிட்டு இருந்தேன். வழக்கமா நடக்குறதுன்னா ‘குவாந்தோ போய் அ மத்ரித்’ (நான் மாட்ரிட் போறப்ப), இனிமேதான் நடக்கணும்னா ‘குவாந்தோ பாயா அ மத்ரித்’. வழக்கமா நடக்குறதா, இனிமேதானான்னு ஒரு செகண்ட் யோசிச்சுட்டு வாயத் திறங்க.

வாங்க போலாம்னு கூப்பிட பயாமோஸ் வேணாம், ‘பாமோஸ்’ போதும். வேணாம், போக வேணாம்னா மட்டும் ‘நோ பயாமோஸ்’.

மெக்சிகோ பக்கம் கிளம்பும்போது ‘கே தே பாயா பியென்’ம்பாங்க. உனக்கு எல்லாம் நல்லபடியா போகட்டும்னு அர்த்தம், அந்த ‘போகட்டும்’தான் பாயா. இதுல போறது நீ இல்ல, உன் காரியம், அதனால நீ-ன்னு நினைச்சு பாயஸ் போட்டுடாதீங்க. பெரியவங்கன்னா ‘தே’வ ‘லே’ ஆக்குங்க, பாயா அப்படியே இருக்கட்டும்.