ஆற்று மீன்பிடிப்புக்கு முதுகுப்பை வாங்குவது எப்படி?

1. முதலில் சாமான், பிறகு பை

ஆற்றுக்குக் கொண்டுபோகும் அத்தனையையும் வீட்டுத் தரையில் பரப்புங்கள்: ரீல், தூண்டில் நரம்பு, தூண்டில் முள் டப்பா, தக்கை, ஈயக்குண்டு, இரை, இடுக்கி, தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு, மாற்றுத்துணி. எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். அடைத்த இடத்தின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் போய் மாலையில் திரும்புவோருக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 லிட்டர் போதும். ஓர் இரவு தங்கினால் 40 முதல் 50. பை பெரிதாக இருந்தால் தேவையில்லாததும் உள்ளே போய்விடும்.

2. முதுகை அளந்து பாருங்கள்

தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை, முதுகுத்தண்டின் வளைவோடு டேப்பை வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பையின் முதுகளவு இதற்குப் பொருந்த வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறி உட்காரும். சுமை முழுக்கத் தோளுக்குப் போகும்.

3. நனைந்தால் என்ன ஆகும்?

மலையேற்றப் பைக்கும் ஆற்றுப் பைக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். தண்ணீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும்தான் அதிகம் நுழையும். ‘நீர் எதிர்ப்பு’ என்று எழுதிய ஜிப் மழைக்குத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. வாயைச் சுருட்டி மூடும் பைகள் இதில் மேல். ஆனால் குறைந்தது மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். பையை வாய்வரை நிரப்பினால் சுருட்டவே இடமிருக்காது. சாதாரணப் பைதான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை: போன், மாற்றுத்துணி, முதலுதவிப் பொருளை உள்ளே தனி நீர்புகாப் பையில் போட்டுவிடுங்கள்.

முதுகுப் பக்கத்து மெத்தையை அழுத்திப் பாருங்கள். ஸ்பாஞ்சு போலத் தண்ணீர் உறிஞ்சும் நுரை என்றால் ஒருமுறை நனைந்தாலே பை கனக்கும், காயவும் நாளாகும். வெளியே வலைப்பாக்கெட் வேண்டாம். முள் அதில் மாட்டினால் எடுப்பதற்குள் வலை கிழிந்துவிடும்.

4. தூண்டில் கோலுக்கு இடம்

நான்கு துண்டாகக் கழலும் 9 அடிக் கோலின் ஒரு துண்டு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் இருக்கும். அதைப் பைக்குள் திணிக்காதீர்கள், நுனி ஒடியும். பக்கவாட்டில் கீழே ஆழமான பாக்கெட்டும் மேலே இரண்டு இறுக்குப்பட்டையும் இருந்தால் கோலை உறையோடு நிறுத்திக் கட்டலாம். தலைக்கு மேல் அதிகம் நீட்டினால் மரக்கிளையில் மாட்டும்.

5. பக்கிளைச் சோதியுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஓடும் ஆற்றைக் கடக்கும்போது இடுப்புப் பக்கிளையும் மார்புப் பக்கிளையும் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கால் வழுக்கினால் பையை உடனே உதற முடிய வேண்டும். காற்றோடு மூடிய நீர்புகாப் பை மிதந்து உங்களை முகங்குப்புறத் தள்ளும். தண்ணீர் புகுந்த பை எழவிடாமல் அழுத்தும். கடையிலேயே பையை மாட்டி, ஈரக்கையால், ஒரே கையால், குனிந்து பார்க்காமல் திறந்து பாருங்கள். வரவில்லையா, வேறு பை பாருங்கள்.

6. சுமையோடு நடங்கள்

5 அல்லது 6 கிலோவை உள்ளே வைத்து 15 நிமிடம் நடங்கள். படி ஏறி இறங்குங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். தோள்பட்டை வார் கழுத்தை அறுத்தாலோ, பை பக்கவாட்டில் ஆடினாலோ பட்டைகளைச் சரிசெய்து மறுபடி நடங்கள். அப்போதும் ஆடினால் அளவு தவறு.

பிடித்த மீனுக்குத் தனிப்பை வைத்துக்கொள்ளுங்கள், மெத்தையில் ஏறிய மீன்வாடை எளிதில் போகாது. வீடு திரும்பியதும் பையை நல்ல தண்ணீரில் அலசி, வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உட்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும்.