சருகு எரியாத பள்ளிக்கூடம்: மாணவர்களுக்கான செய்முறை

சுற்றுச்சூழல் மன்றம் என்றாலே ஓவியப் போட்டியும் மரம் நடுவிழாவும்தான் பல பள்ளிகளில். இரண்டும் இருக்கட்டும். நட்ட கன்று வளர்ந்து காற்றுக்கு உதவப் பல ஆண்டுகள் ஆகும். மைதானத்து மூலையில் சருகுக் குவியலோ இன்றைக்கே புகைகிறது. பிள்ளைகள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்த மூலை. அடுத்தது, வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் நின்று புகைவிடும் பள்ளியின் வாசல்.

பாதி காய்ந்த சருகு கொழுந்துவிட்டு எரியாது, கனன்று புகையும். எரிந்தும் எரியாத இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும், பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளும் அதிகம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அந்தத் துகள். மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. குவியலில் நாலு பால் கவர் கலந்திருந்தால் புகையின் நஞ்சு இன்னும் கூடும். தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது இதையும் சொல்லுங்கள்: திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

பெருக்கும் அக்காவிடம் “எரிக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அள்ளிய சருகைக் கொட்ட வேறு இடமில்லாததால்தான் அவர் எரிக்கிறார். இடம் காட்டாமல் தடுத்தால், மறுநாள் நீங்கள் வருவதற்கு முன்பே எரிந்து முடிந்திருக்கும். சருகை மட்கவைத்து உரமாக்கும் கம்பி வலைக் கூண்டு ஒன்றைத் தயார் செய்துவிட்டு, “அக்கா, சருகை இதுல கொட்டுங்க, மிச்ச வேலை எங்களோடது” என்று சொல்லுங்கள்.

கூண்டுக்கு 4 அடி உயரக் கம்பி வலை, பதினொன்றரை அடி நீளம் போதும். வட்டமாக வளைத்து, முனைகளை அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கட்டுக்கம்பியால் நான்கு இடத்தில் கட்டினால் மூன்றரை அடி விட்டத்தில் நிற்கும். வலையை வெட்டுவதும் கூர்முனைகளை மடக்குவதும் பெரியவர்கள் வேலை. இதைவிடச் சின்னதாகக் கட்டினால் உள்ளே சூடு தங்காது. மர நிழலில், மண் தரைமேல் வையுங்கள். சிமெண்ட் தரை வேண்டாம், மண்புழு மேலே ஏறி வர வழியிருக்காது.

அடியில் அரை அடிக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும், காற்றோட்டத்துக்காக. மேலே ஒரு அடி சருகு போட்டு லேசாக மிதித்து, நாலு விரல் கனத்துக்குப் பச்சைக் கழிவு: வெட்டிய புல், சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல். 20 லிட்டர் வாளித் தண்ணீரில் 5 கிலோ சாணி கரைத்து, அடுக்குக்கு அரை வாளி ஊற்றுங்கள். இதையே மேல்வரை திரும்பச் செய்யுங்கள். மொத்தத்தில் சருகு மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு. மிஞ்சிய சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம், எலி வரும். வேம்பு, புங்கை, வாகை இலைகள் சீக்கிரம் மட்கும். மாவிலையும் வாதுமை இலையும் தோல்போல் தடிப்பானவை. ஓர் இரவு ஊறவைத்துக் கிழித்துப் போடாவிட்டால் ஆறு மாதமானாலும் அப்படியே கிடக்கும்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான ஈரப்பதம். நாலைந்து நாள் கழித்து இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். நன்றாகச் சுட்டால் வேலை நடக்கிறது. சுடவில்லை என்றால் பச்சையோ தண்ணீரோ குறைவு. எறும்பு மொய்த்தாலும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சி, காற்றில்லாமல் போயிருக்கிறது. புரட்டி, காய்ந்த சருகைக் கலந்தால் சரியாகும். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். புரட்டும்போது மூக்கில் துணி கட்டி, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வாசலுக்கு நோட்டும் கடிகாரமும் போதும். இரண்டு பேர் கேட்டுக்கு உள்பக்கம் நின்று, பள்ளி தொடங்குவதற்கு முந்திய அரை மணி நேரத்தில் நின்ற வண்டி எது, எஞ்சின் ஓடியதா, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் எழுத வேண்டும். ஒரே நாள் கணக்கு நம்பத்தக்கதல்ல, மழை நாளில் கார் கூடும். சாலையில் இறங்கி வண்டியை மறிக்கவே கூடாது. பிறகு கேட்டில் ஒரு பலகை: “அரை நிமிஷத்துக்கு மேல நின்னா எஞ்சினை அணைச்சிடுங்க.” இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஏசி ஓடும் வேன்களில் எண்ணிக்கை குறையாது. அவற்றுக்குப் பலகை போதாது, பள்ளி நிர்வாகமே ஓட்டுநர்களிடம் பேச வேண்டும்.

வெள்ளை அட்டையில் வாஸ்லின் களிம்பு தடவித் தொங்கவிட்டுத் தூசி பார்க்கும் சோதனையும் செய்யலாம். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசிதான் ஒட்டும், பிஎம் 2.5ஐ அது அளக்காது. அட்டை சுத்தமாக இருந்தால் காற்றும் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள்.

இனி போகி. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து, சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒரு வாரம் முன்பே வகுப்புவாரியாகப் பழைய நோட்டுகளைச் சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் குப்பை வண்டிக்கு. கிழிந்த கோரைப் பாயை நறுக்கிக் கூண்டில் போடலாம், மட்கிவிடும். பாயைக் கையில் வாங்கும்போதே கோரைதானா என்று நன்றாகப் பாருங்கள். இப்போது பல வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் பாய்.