பிள்ளையளோட யாழ்ப்பாணம் வந்து இறங்கின கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

இந்தியாவில இருந்தோ கனடா, லண்டனில இருந்தோ பிள்ளையளோட இஞ்ச வந்திருக்கிறாக்களுக்கு எழுதுறன், நாங்களும் 2016ல திருச்சியில இருந்து வந்தாக்கள்தான். முதல் நாலு மாசமும் நான் விட்ட பெரிய பிழை என்னெண்டா, பூசை முடிஞ்ச கையோட பிள்ளையளை இழுத்துக்கொண்டு பக்கவாசலால வீட்ட வந்திடுறது. அப்பிடி இருந்தா எத்தினை வருசம் போனாலும் ஒருத்தருக்கும் உங்களைத் தெரியாது. பூசை முடிய விறாந்தையில கொஞ்சம் நில்லுங்கோ, பாதரிட்டப் போய் எந்த ஒழுங்கையில இருக்கிறம், எத்தினை பிள்ளையள், வீட்டில ஆருக்கு என்ன வருத்தம் (இஞ்ச வருத்தமெண்டா நோய்) எண்டு நீங்களாவே சொல்லுங்கோ. வருத்தத்தை மறைக்காதேங்கோ, சொன்னாத்தானே வந்து நிப்பினம்.

என்ர கடைசி பிறக்கேக்க அம்மா உயிரோட இல்லை, சகோதரங்களும் இஞ்ச இல்லை. வட்டாரத்து அன்ரிமார் தங்களுக்குள்ள முறை வைச்சு ரெண்டு கிழமை பத்தியக்கறி கொண்டந்து தந்தவை. மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அம்மியில அரைச்சு, சின்னச் சுறாத்துண்டு போட்டு, தூக்குச்சட்டியில மூடி திறக்கேக்க ஆவி பறக்கும். அதை இண்டைக்கு நினைச்சாலும் எனக்குக் கண் கலங்கும். எங்கட பகுதி குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) ஆர், கிளினிக் எந்த நாள் எண்டதும் அவையளிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுகொண்டன். வெளிநாட்டில பிள்ளைக்குப் போட்ட தடுப்பூசிக் காட்டை அந்த உத்தியோகத்தரிட்டக் காட்டுங்கோ, விடுபட்டதை கிளினிக்கில காசில்லாமப் போடுவினம்.

இன்னொண்டு, இதை நான் கடுமையாவே சொல்லுவன். செபம் வேணும், மருந்தும் வேணும். விசுவாசம் இருந்தா சுகர் குளிசையை நிப்பாட்டலாம் எண்டு ஒரு செபக்கூட்டத்தில என்னட்டயே சொன்னவை, தயவுசெய்து கேக்காதேங்கோ. அமெரிக்க மிஷனில இருந்து வந்த டொக்டர் கிறீன் 1848ல மானிப்பாயில வைத்தியம் தொடங்கி, எங்கட பெடியளுக்குத் தமிழிலயே ஆங்கில மருத்துவம் படிப்பிச்சவர், அவரும் வேதம் சொல்ல வந்த மனுசன்தான். மாரி தொடங்கினா டெங்கு வரும், காய்ச்சல் எண்டா பனடோல் மட்டும் குடுத்து, மூண்டாம் நாளுக்குள்ள இரத்தம் சோதியுங்கோ. இரவில அவசரமெண்டா 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். பாதரிட்ட பிறகு சொல்லலாம்.

பிள்ளையளின்ர விசுவாசத்துக்கு வருவம். ஞாயிறு மறைக்கல்விக்கு முதல் கிழமையே பதிஞ்சிடுங்கோ, ஏனெண்டா இஞ்ச ஞாயிறு காலமையும் ரியூசன் வைக்கிறாங்கள், ஒருக்கா ரியூசனுக்கு விட்டுப் பழகினா பிறகு திருப்பிறது கஷ்டம். நான் ரியூசன் சேரிட்டப் போய்க் கதைச்சு நேரத்தை மாத்தினான், கேட்டா மாத்துவினம்.

என்ர மூத்தவன் முதல் நாள் வகுப்பில எழும்பி "டீச்சர் என்கூட ரொம்ப நேரம் பேசினாங்க" எண்டு சந்தோசமாச் சொல்ல, பிள்ளையள் எல்லாம் ஐயோ பாவம் எண்டு பாத்திருக்குதுகள், இஞ்ச பேசுறதெண்டா ஏசுறதெல்லோ. அவன் அழுதுகொண்டு வந்து இனிப் போகமாட்டன் எண்டிட்டான். அடுத்த கிழமை அந்த ரீச்சர் அவனைக் கூப்பிட்டு பூசையில முதலாம் வாசகம் வாசிக்கப் பழக்கினவா, வாசகத் தமிழ் எல்லாருக்கும் ஒண்டுதானே, அவன் வடிவா வாசிச்சான். பிறகு பீடத்தில உதவி செய்யப் போனான், தவக்காலத்தில பாஸ்குவில, அதுதான் இயேசுவின்ர பாடுகளைக் காட்டுற நாடகத்தில, சின்னப் பாத்திரமும் கிடைச்சது. இப்ப நான் எழுப்பாமலே எழும்பிப் போறான். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையெண்டா முதல்ல பாட்டுக் குழுவில விடுங்கோ, பாட்டு வாயில வந்தா செபமும் வரும். வீட்டில இரவுச் செபமாலையை மட்டும் விடாதேங்கோ, அஞ்சு பத்தும் முடியாட்டி ஒரு பத்தையாவது சொல்லுங்கோ.

ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாங்கோ, முதல் நன்மைக்குக் கேப்பினம். இல்லாட்டி முந்தின பங்குக்கு இண்டைக்கே எழுதிப் போடுங்கோ, வந்து சேர மாசக்கணக்காகும்.