அமெரிக்க வேலையின்மைத் தொகையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தால்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், கோனாபட்டு என நம் பக்கத்து ஊர்களில் அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் இன்று பல. அங்கே நிறுவனங்கள் ஆள்குறைப்புச் செய்யும்போது, கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகைக்கு விண்ணப்பித்துச் சில மாதங்கள் பெறுகிறார்கள். பிறகு, புது வேலை கிடைத்த பின்போ ஊருக்கே திரும்பிவிட்ட பின்போ, "உங்களுக்குத் தகுதிக்கு மேல் பணம் வழங்கப்பட்டுவிட்டது, திருப்பிச் செலுத்துங்கள்" என்று மாநில அரசிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்காகவும், அவர்களைப் பற்றி இங்கே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே உடனே அடைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது நம் வளர்ப்பு. நல்ல குணம்தான். ஆனால் இந்த விஷயத்தில் பதில் எழுதாமல் பணத்தை மட்டும் கட்டிவிடுவது பல நேரங்களில் தவறான முடிவாகிவிடும். அந்தக் கடிதம் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இவ்வளவு தொகை அதிகமாக வந்தது என்பது ஒன்று; அது உங்கள் பிழையால் வந்ததா, நீங்கள் தெரிந்தே பொய் சொன்னதால் வந்ததா என்பது மற்றொன்று. தொகையைக் கட்டுவதால் முதலாவது தீரலாம். இரண்டாவது, நீங்கள் எதிர்த்து எழுதாவிட்டால், உங்கள் பெயரில் அப்படியே நிலைத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி

வேலையின்மைக் காப்பீடு 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு உருவானது என்றாலும், அதை நடத்துவது அந்தந்த மாநிலம். ஆகவே கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பிக்கு நடந்ததை வைத்து டெக்சாஸில் இருக்கும் மகளுக்கு யோசனை சொல்லக் கூடாது. மேல்முறையீட்டுக்கான கெடு கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30 நாட்கள். டெக்சாஸில் 14 நாட்கள்தான். இந்த நாட்கள் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, பொதுவாக அது அனுப்பப்பட்டதாகக் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. பழைய அபார்ட்மென்ட் முகவரிக்குப் போய், அங்கிருந்து நண்பர் ஒருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்கள் காரைக்குடியில் அதைத் திறந்து படிக்கும்போது பாதிக் கெடு கழிந்திருக்கும். எனவே தொகை சரியா தவறா என்று ஆராய்வதற்கு முன்பே, அந்தக் கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குள் மேல்முறையீடு போய்ச் சேருமாறு ஏற்பாடு செய்யுங்கள். "இந்த முடிவை ஏற்கவில்லை, விசாரணை கோருகிறேன்" என்ற அளவில் சுருக்கமாக எழுதினாலும் போதும். விளக்கத்தையும் ஆவணங்களையும் பின்னர் சேர்க்க முடியும். கெடு தாண்டிவிட்டிருந்தால், ஏன் தாமதமானது என்பதற்கான தக்க காரணத்தை, கடிதம் வேறு முகவரியில் கிடந்ததற்கான சான்று முதலியவற்றோடு, மேல்முறையீட்டிலேயே எழுத வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ள இடமுண்டு.

அதே வேளையில், கடிதம் அனுப்பிய மாநில வேலையின்மைக் காப்பீட்டுத் துறையின் இணையக் கணக்கில் முகவரியை மாற்றுங்கள். ஒரு கடிதத்தோடு இது முடிவதில்லை. விசாரணை அறிவிப்பும் தீர்ப்பும் தனித்தனியாக வரும்.

எங்கே பிழை நேர்கிறது

நான் கவனித்தவரை, மிகச் சாதாரணமான காரணம் சம்பளத்தைக் குறிப்பிடும் முறை. தொகை பெறும் நாட்களில் பகுதி நேரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை செய்தால், அந்த வாரத்தில் ஈட்டியதை அந்த வாரத்துக்கே சொல்ல வேண்டும். காசோலை எந்த வாரம் வந்தது என்பது பொருட்டல்ல. மேலும், வரி பிடித்தபின் கைக்கு வந்த தொகையை அல்ல, பிடிப்பதற்கு முன்புள்ள முழுத் தொகையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு வாரத்தில் 400 டாலருக்கு வேலை செய்து, பிடித்தம் போக 320 டாலர் கைக்கு வந்து, அந்த 320ஐ இரண்டு வாரம் கழித்துக் குறிப்பிட்டால், இரண்டு வாரக் கணக்குகளும் தவறாகிவிடும். கலிஃபோர்னியாவில் வாரம் ஞாயிறு தொடங்கிச் சனியில் முடிகிறது. நியூயார்க்கில் திங்கள் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. நிறுவனத்தின் சம்பளக் காலம் பெரும்பாலும் இதனோடு பொருந்தாது. பிறகு நிறுவனங்கள் மாநிலத்துக்குத் தாக்கல் செய்யும் ஊதிய விவரத்தோடு ஒப்பிடும்போது வேறுபாடு வெளிவருகிறது. ஆகவே சம்பளச் சீட்டுகளை எடுத்து, மாநிலத்தின் வாரக் கணக்குப்படி நீங்களே ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். பேரேட்டில் பற்று வரவு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. அப்பச்சி காலத்துக் கணக்குப் போல நாள் வாரியாக எழுதிய ஒரு தாள், விசாரணையில் பத்துப் பக்க விளக்கத்தைவிட மதிப்புப் பெறும்.

அடுத்த காரணம் நம் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது. வேலை போன நேரத்தில்தான் ஊருக்கு வர ஓய்வு கிடைக்கிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ, தங்கையின் திருமணத்துக்கோ, படைப்புக்கோ வந்து ஒரு மாதம் தங்கிவிடுகிறார்கள். இங்கிருந்தபடியே வாரந்தோறும், அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை, கேள்விகளுக்கு வழக்கம்போல் பதில் அளிக்கிறார்கள். ஆனால் இந்தத் தொகையைப் பெற, வேலை செய்யும் உடல்நிலையிலும், அழைத்தால் வேலைக்குச் சேரத் தயாராகவும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. செட்டிநாட்டில் கல்யாண வீட்டில் இருப்பவரை, வேலைக்கு உடனே கிடைக்கக் கூடியவர் என்று மாநிலம் பொதுவாக ஏற்பதில்லை. இணையக் கணக்கு வெளிநாட்டிலிருந்து திறக்கப்பட்டதும், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையும் பயணத்தைக் காட்டிவிடும். கணக்கு திறக்கவில்லை என்று அங்குள்ள நண்பரைக் கொண்டு பதில் அளிக்கச் செய்வதும், இருக்குமிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுத் திறப்பதும் இன்னும் மோசம். அறியாமல் செய்த பிழையாக இருந்திருக்கக் கூடியதை அவை மறைப்பாக மாற்றிவிடும். பயணம் கிளம்பும் முன்பே துறைக்குத் தெரிவித்து, அந்த வாரங்களுக்குத் தொகை கோராமல் இருப்பதே சரி.

இவை தவிர, முன்னாள் நிறுவனம் பின்னர் மேல்முறையீடு செய்து வென்றாலும், பணிவிலக்குத் தொகையைச் சொல்லாமல் விட்டாலும் இதே கடிதம் வரலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேறு நிறுவனத்தில் உடனே சேர இயலாதவர்கள் என்பதால் பொதுவாக இந்தத் தொகைக்குத் தகுதி பெறுவதில்லை. விண்ணப்பித்துக் கிடைத்துவிட்டாலும் பின்னர் திருப்பிக் கேட்கப்படலாம்.

"மோசடி" என்ற சொல்லை ஏன் எதிர்க்க வேண்டும்

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். ஊரில் இருந்த நான்கு வாரங்களுக்குப் பெற்றது 1,800 டாலர். அது பிழையால் நேர்ந்தது என்று முடிவானால் கட்ட வேண்டியது அந்த 1,800தான். பிழை உங்களுடையதல்ல என்று காட்ட முடிந்தால் அதிலும் தள்ளுபடி கேட்க வழியுண்டு. தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் 30 சதவீத அபராதமாக 540 டாலர் சேர்ந்து 2,340 ஆகிறது, தள்ளுபடி கேட்கும் வழி மூடப்படுகிறது, பிற்காலத்தில் வேலை போனால் 5 முதல் 23 வாரங்கள் வரை தொகை நிறுத்தப்படலாம். மோசடிக்குக் குறைந்தது 15 சதவீத அபராதம் விதிக்க வேண்டும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான கூட்டாட்சி விதி. பணத்தைவிடப் பெரிய கவலை, குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரின் நன்னடத்தையை ஆராயும்போது மோசடி முடிவு ஒரு கேள்வியாக எழக்கூடும் என்பது. வேலையின்மைத் தொகையை முறைப்படி பெற்றதால் மட்டும் குடியேற்ற நிலைக்குப் பாதகமில்லை. பொய் என்ற முத்திரைதான் பாதகம்.

ஆகவே தொகை சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டாலும், கடிதத்தில் மோசடி என்று இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், செய்யவும் வேண்டும். அந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், யாரிடம் விசாரித்தீர்கள், பிழை தெரிந்தவுடன் என்ன செய்தீர்கள் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள். உண்மையிலேயே தெரிந்து மறைத்திருந்தால், ஒரு வரி எழுதுவதற்கு முன்பு அந்த மாநிலத்து வழக்கறிஞரைப் பாருங்கள், ஏனென்றால் அங்கே குற்ற வழக்கும் வர இடமுண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசச் சட்ட உதவி அமைப்புகள் பல மாநிலங்களில் இருக்கின்றன.

விசாரணை

விசாரணை பெரும்பாலும் தொலைபேசியில், நிர்வாக நீதிபதி ஒருவர் முன்னிலையில், சத்தியப் பிரமாணத்தின் பேரில் நடக்கும். ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து பேச அனுமதி உண்டா, எந்த எண்ணில் அழைப்பார்கள் என்பதை அறிவிப்பு வந்தவுடனேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கலிஃபோர்னியாவில் காலை 10 மணி என்றால் கோடையில் இங்கே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. டெக்சாஸில் கோடைக்காலக் காலை 9 மணி நமக்கு இரவு 7.30. விருந்தினர் வந்துபோகும் முகப்பை விட்டு, உள்ளே கதவு சாத்தக்கூடிய அறையில், முழுதும் சார்ஜ் ஏற்றிய தொலைபேசியோடு உட்காருங்கள். மின்தடையில் இணையம் போனால் அழைப்பு அறுந்துவிடும், அழைத்த நேரத்தில் கிடைக்காதவரின் மேல்முறையீடு தள்ளுபடியாகலாம். ஆங்கிலத்தில் வாக்குமூலம் கொடுக்கத் தயக்கமிருந்தால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, விமான டிக்கெட், துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை விசாரணைக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையின் சார்பில் நீங்கள் அழைத்தால், முறையான அனுமதி இல்லாமல் துறையினர் எந்த விவரமும் பேச மாட்டார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். தேதியை நினைவூட்டுவதும் ஆவணங்களைத் தேடித் தருவதும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

தள்ளுபடியும் தவணையும்

கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், பிழை உங்களுடையதல்ல, திருப்பிக் கட்டினால் குடும்பம் கடும் நெருக்கடிக்கு ஆளாகும் என்று காட்டினால் தள்ளுபடி கேட்கலாம். வருமானமும் செலவும் கேட்கும் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். சொத்து விவரம் கேட்டால், பங்காளிகளோடு பொதுவில் இருக்கும் வளவு வீட்டின் பங்கையும் குறிப்பிட்டு, அது பிரிக்கப்படாதது, தனியே விற்க இயலாதது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறைத்தால் அதுவே புதிய பொய்யாகிவிடும். டெக்சாஸில் நிலைமை வேறு: நெருக்கடியைக் காரணம் காட்டி மாநிலத் தொகையைத் தள்ளுபடி செய்ய வழியில்லை; கடனுக்குக் காலாவதியும் இல்லை. அங்கே தவணை ஏற்பாடுதான் பேச வேண்டும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் வேலையின்மைத் தொகை பெறும்போது அதில் பிடிப்பார்கள். கலிஃபோர்னியாவில் பிழைக் கடனுக்கு வாரத் தொகையில் 25 சதவீதம், மோசடிக் கடனுக்கு முழுவதும். மாநில வரித் திரும்பத் தொகையையும், மோசடியாலோ ஊதியத்தைச் சொல்லாததாலோ வந்த கடனுக்கு மத்திய வரித் திரும்பத் தொகையையும் எடுத்துக்கொள்வார்கள். தவணை கேட்பவருக்கு இவை பலவும் தவிர்க்கக் கூடியவை.

ஒருபோதும் விண்ணப்பிக்காத ஒருவருக்கு இக்கடிதம் வந்தால், அது வேறு யாரோ அவருடைய பெயரில் பணம் வாங்கியதன் அடையாளம். 2020இல் இப்படி நிறைய நடந்தது. அப்போது பணம் கட்டக் கூடாது. அடையாளத் திருட்டு என்று அந்த மாநிலத் துறையிடம் புகார் பதிய வேண்டும். கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லச் சொல்பவர் எவரும் அரசு ஊழியர் அல்லர். கடிதத்தில் உள்ள எண்ணை நம்பாமல், துறையின் தளத்தில் நீங்களே எண்ணைத் தேடி எடுத்து அழையுங்கள்.

வரிக் கணக்கில் ஒரு முக்கியமான விவரம் விடுபட்டுவிடுவதுண்டு. வேலையின்மைத் தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு. ஆண்டு முடிந்த பின், பெற்ற தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற படிவம் வரும். பெற்ற ஆண்டிலேயே திருப்பிக் கட்டினால், கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். அடுத்த ஆண்டில் கட்டி, அது 3,000 டாலருக்கு மேல் இருந்தால், முன்பு கட்டிய வரிக்கு ஈடாகச் சலுகை கேட்க வழியுண்டு. 3,000 அல்லது அதற்குக் குறைவு என்றால் மத்திய வரியில் அந்தச் சலுகை இல்லை. எனவே நவம்பரிலோ டிசம்பரிலோ கடிதம் வந்து, தொகை சரி என்றும் கையில் பணம் இருக்கிறது என்றும் உறுதியானால், டிசம்பர் 31க்குள் கட்டுவது லாபம். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் கட்டுவதற்குத் தடையில்லை, வென்றால் திருப்பித் தருவார்கள். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பியவர்கள், இந்தக் கடன் தீர்ந்ததற்கான எழுத்துபூர்வமான உறுதி வரும் வரை, அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள். தவணை செலுத்தவும், அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெறவும் அந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.