முதல் திரையிடல் ஒருமுறைதான்: சர்வதேசத் திரைப்பட விழாக்களுக்குப் படம் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் முடிந்த அன்றிரவே அதை யூடியூபில் ஏற்றிவிடுவதுதான் நம் பிள்ளைகள் செய்கிற முதல் தவறு. மற்றத் தவறுகளை எப்படியாவது திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்தவே முடியாது.

சில ஆண்டுகளாகக் கொழும்புப் பக்கத்தில், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் குறும்படம் எடுக்கும் இளையவர்கள் விண்ணப்பப் படிவங்களோடு என்னிடம் வருகிறார்கள். சிறிய விழா ஒன்றுக்கு முன்தேர்வில் படம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பித்தான் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு தம்பியின் படம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. காலி வீதியில் பூட்டிய கடையொன்றின் முன் தாயும் மகனும் மழைக்கு ஒதுங்கி நிற்கிற பதினொரு நிமிடம். படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பிக்கொண்டு வந்தோம். இணையத்தில் பொதுவில் வெளியாகியிருக்கிறதா என்ற கேள்வி வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன்பே ஏற்றியிருந்தார். உறவினரும் நண்பர்களுமாக ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். "இப்போதே நீக்கிவிடுகிறேன் அண்ணா, போதாதா?" என்று கேட்டார். படத்தை நீக்கலாம், வெளியானது என்ற உண்மையை நீக்க முடியாது. பொய் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆசைப்பட்ட விழா அன்றோடு கைவிட்டுப் போனது.

பெரிய விழா ஒன்று படத்தைத் தெரிவு செய்யும்போது, அதை முதலில் காட்டும் பெருமையையும் சேர்த்தே கேட்கிறது. எங்குமே காட்டாத படத்துக்கு அது உலக முதல் திரையிடல். சொந்த நாட்டில் மட்டும் காட்டியிருந்தால் சர்வதேச முதல் திரையிடல். அதற்கும் கீழே ஆசிய முதல் திரையிடல், அந்தந்த நாட்டு முதல் திரையிடல் என்று படிகள் இருக்கின்றன. பிரான்ஸில் நடக்கும் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கு, வேறு விழாவில் ஓடிய படமோ இணையத்தில் வெளியான படமோ போக முடியாது. சிறிய விழாக்கள் பலவற்றுக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆகவே பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு இறங்கி வரலாம். சிறியதில் காட்டிவிட்டுப் பெரியதற்கு ஏறுவது மிகக் கடினம். நடித்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் விளம்பரமோ டிக்கெட்டோ இல்லாமல் ஒரு மாலை போட்டுக்காட்டுவதைப் பெரும்பாலான விழாக்கள் குற்றமாக எடுப்பதில்லை. ஆனாலும் அந்தந்த விழாவின் விதிமுறையை வரிவரியாகப் படித்துவிட்டு மண்டபம் பிடியுங்கள். நீளமும் அதே விதிமுறையில்தான் இருக்கிறது. கானின் குறும்படப் போட்டிக்குப் பதினைந்து நிமிட எல்லை, பெயர்ப்பட்டியலும் அதற்குள் அடக்கம். பதினேழு நிமிடப் படத்தை அனுப்பி, நல்ல படம்தானே, விட்டுக்கொடுப்பார்கள் என்று காத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது சொற்களைப் பற்றியது. "கான் விழாவுக்குத் தெரிவு" என்று கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. எந்தப் பிரிவுக்கு என்று யாரும் கேட்பதில்லை. கானில் மே மாதத்தில் ஒரே நேரத்தில் பல வாசல்கள் திறந்திருக்கும். விழாவின் முதன்மை விருதான தங்கப்பனைக்கான போட்டி ஒன்று. அதிகாரபூர்வத் தெரிவிலேயே போட்டிக்கு அடுத்ததாக 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவு. அவற்றுக்கு வெளியே 1962 இலிருந்து நடக்கும் விமர்சகர் வாரம், 1969 இலிருந்து நடக்கும் இயக்குநர்களின் பதினைந்து நாள் பிரிவு. இவற்றோடு ஒரு திரைப்படச் சந்தையும் நடக்கிறது. சந்தையில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எவரும் தம் படத்தை வாங்குவோருக்குக் காட்டலாம். அது வியாபாரம், அதில் எந்த இழுக்கும் இல்லை. ஆனால் சந்தையில் காட்டியதை விழாவுக்குத் தெரிவானதாக அறிவிப்பது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய்தான். அடுத்த படத்துக்காக ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் போகும்போது, அவர் இரண்டு நிமிடத்தில் விழாவின் பழைய பட்டியலைத் திறந்து பார்த்துவிடுவார். பத்திரிகையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பிரிவின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகவே.

போட்டிப் பிரிவைத் தவிர மற்றவை மட்டம் என்று நினைப்பது இதற்கு நேரெதிரான தவறு. 2005 இல் இலங்கை இயக்குநர் விமுக்தி ஜயசுந்தரவின் 'சுளங்க எனு பினிஸ' கானில் ஓடியது 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில்தான். அங்கிருந்தே அது முதற்பட இயக்குநருக்கான 'கமெரா டோர்' விருதை, அமெரிக்க இயக்குநர் மிரண்டா ஜூலையின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அந்த விருதுக்குத் தனி நடுவர் குழு இருக்கிறது. நான் சொன்ன பிரிவுகள் எல்லாவற்றிலும் வரும் முதற்படங்களை அது பார்க்கிறது.

நடுவர்களைப் பற்றி நம்மவர்களிடம் இருக்கும் குழப்பம் பெரிது. மறுப்புக் கடிதம் வந்ததும், "நடுவர்களுக்கு என் படம் பிடிக்கவில்லை" என்று மனம் உடைகிறார்கள். நடுவர்கள் உங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. படம் முதலில் போவது தெரிவுக் குழுவிடம். அதற்கும் முன்பு, என்னைப் போன்ற முன்தேர்வுப் பார்வையாளர்களிடம். ஆயிரக்கணக்கில் குவிபவற்றிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்துக் கொடுக்கும் சிறிய பட்டியல்தான் நடுவர்களுக்குப் போகிறது. கானின் பிரதான நடுவர் குழுவில் வழக்கமாகத் தலைவரோடு ஒன்பது பேர். அவர்கள் பார்ப்பது போட்டியில் உள்ள இருபது சொச்சம் படங்களை. ஆகவே நீங்கள் முதலில் கடக்க வேண்டியவர், இரவு பத்து மணிக்கு மடிக்கணினி முன் அன்றைய ஏழாவது படத்தைத் திறக்கும் ஒருவர். அவரிடம் நாம் எதைக் கொடுக்கிறோம்? நிறுவனச் சின்னம், இன்னொரு சின்னம், காணிக்கை, நன்றிப் பட்டியல், அனுசரணையாளர் பெயர்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் முதல் காட்சி வருகிறது. நன்றி சொல்வது நம் பண்பாடு, அதை நான் மதிக்கிறேன். அந்த நன்றியைப் படத்தின் முடிவில் சொல்லுங்கள்.

நடுவர் தீர்ப்பையும் பள்ளிக்கூடப் புள்ளிப் பட்டியல்போல வாசிக்கக் கூடாது. 1991 இல் அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் 'பார்ட்டன் ஃபிங்க்' தங்கப்பனை, சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என மூன்று விருதுகளை அள்ளிச் சென்றது. அதன் பிறகு, ஒரே படம் விருதுகளைக் குவிக்க முடியாதபடி கான் விதியை இறுக்கியது. அதனால் ஒரு படத்துக்குப் பெரிய விருது போனால் அதில் நடித்தவருக்கான விருது இன்னொரு படத்துக்குப் போகிறது. நடிப்பு மட்டம் என்று பொருளில்லை. அதே கோயன் சகோதரர்கள் 2015 இல் நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்றார்கள். அந்த ஆண்டு தங்கப்பனை வென்றது பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் 'தீபன்'. நம் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்ற, உரையாடலில் பெரும்பகுதி தமிழாகவே உள்ள படம் அது. நடுவர்கள் அந்தத் தமிழைச் சப்டைட்டில் வழியாகத்தான் பின்தொடர்ந்திருப்பார்கள்.

சப்டைட்டிலைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கடைசி இரவில், தூக்கக் கலக்கத்தில், ஆங்கிலம் தெரிந்த ஒரு நண்பரின் தலையில் கட்டிவிடும் வேலையாகவே அது இன்னும் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒளியையும் ஒலியையும் செதுக்கியவர்கள், வெளிநாட்டவர் படம் முழுவதும் படிக்கப்போகும் அந்த எழுத்தை ஒரே இரவில் முடிக்கிறார்கள். நான் பார்த்த ஒரு படத்தில் சிக்கல் முழுவதும் அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் இடையில். குழந்தை யார் வீட்டில் வளர்வது என்பதே கதை. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள். தமிழ் அறியாதவருக்கு அந்தக் குழந்தை எந்தக் கிழவியின் பெயரைச் சொல்லி அழுகிறது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. இருவரையும் பெயர் சொல்லி அழைக்க வைத்திருந்தாலே போதும்.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் எடுக்கும் நம் படங்களில் தமிழும் சிங்களமும் கலந்தே வரும். பஸ்ஸில் தமிழில் பேசிக்கொண்டு வரும் பெண், நடத்துநர் அருகில் வந்ததும் சிங்களத்துக்கு மாறுகிறாள். சோதனைச் சாவடியில் மகனின் பெயரைச் சொல்லும்போது தந்தையின் குரலும் மொழியும் ஒன்றாக மாறுகின்றன. நமக்கு அந்தக் கணத்தில் வயிறு பிசைகிறது. பெர்லினிலோ தென்கொரியாவின் பூசானிலோ இருக்கும் ஒருவருக்கு இரண்டும் ஒரே மொழியாகத்தான் கேட்கும். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்றால், அதை அவருக்குக் காட்டாமல் விடலாமா? சிங்கள வரிகளைச் சாய்வெழுத்தில் போடலாம், அல்லது வேறு நிறம் கொடுக்கலாம். முதல் மாற்றம் வரும் இடத்தில் மொழியின் பெயரை ஒருமுறை குறித்தாலும் ஆகும். எதைச் செய்தாலும் படம் முழுவதும் ஒரே முறையாகச் செய்யுங்கள். செய்து முடித்ததும், இரண்டு மொழியும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக்காட்டுங்கள். இந்த நகரத்தில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மொழி மாறும்போது கையை உயர்த்தச் சொல்லுங்கள்.

திரையில் ஒரே நேரத்தில் சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சப்டைட்டில் படத்தோடு ஒட்டிய பிரதி ஒன்று, ஒட்டாத தூய பிரதி ஒன்று என இரண்டையும் வைத்திருங்கள். பிரெஞ்சிலோ கொரிய மொழியிலோ அவர்கள் வரி சேர்க்க நேர்ந்தால் தூய பிரதிதான் உதவும்.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இணையத்தில் விழா என்ற பெயரில் நடக்கும் பல கடைகள் மாதந்தோறும் விருது கொடுக்கின்றன. நாற்பது ஐம்பது பிரிவுகள். மண்டபம் இல்லை, பார்வையாளர் இல்லை, நடுவர்களின் பெயர்கள் இல்லை. கட்டணம் கட்டினால் ஒரு வாரத்தில் இலை வளையத்தோடு சான்றிதழ் வரும். கோப்பை வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன் இருநூறு ரூபாயை ஒட்டியிருந்த டொலர் பிறகு முந்நூறை எட்டியது. முப்பது டொலர் கட்டணம் என்றால் ஒன்பதாயிரம் ரூபாய். பத்து விழா என்றால் தொண்ணூறாயிரம். அந்தப் பணத்தில் இன்னொரு குறும்படத்தின் ஒலிப்பதிவை முடிக்கலாம். ஒரு விழா உண்மையானதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். சென்ற ஆண்டு எந்த மண்டபத்தில் நடந்தது? நடுவர்கள் யார்? அங்கே ஓடிய படங்களில் நீங்கள் கேள்விப்பட்டது ஒன்றாவது இருக்கிறதா? பதில் கிடைக்காத இடத்துக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். நல்ல விழாக்களிலும் பல கட்டணம் வாங்குகின்றன என்பது உண்மை. ஆனால் இறுதித் தேதிக்கு நன்கு முன்பாக, எந்த நாட்டிலிருந்து, எந்தச் செலவில் எடுத்தோம் என்று நான்கு வரியில் மரியாதையாக எழுதிக் கேட்டால் கட்டணத்தை விலக்கித் தருவோரும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். கூச்சம் வேண்டாம்.

கானை மட்டுமே பார்த்துக்கொண்டு பக்கத்து வாசல்களை மறப்பதும் எனக்குக் கவலை தருகிறது. சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1957 இலேயே கான் போட்டிக்குப் போனது. ஆனால் அவருடைய 'கம்பெரலிய' தங்க மயில் விருதை வென்றது 1965 இல் தில்லியில் நடந்த இந்தியச் சர்வதேச விழாவில். இன்னொரு இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' 2023 இல் பூசானில் கிம் ஜிசோக் விருது பெற்றது. தமிழ்நாட்டு இயக்குநர் வினோத்ராஜின் முதற்படமான 'கூழாங்கல்' 2021 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் புலி விருதை வென்றது. திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் கேரள விழாவின் போட்டி, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கென்றே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2015 இலிருந்து சர்வதேசச் சினிமா விழா ஒன்று நடந்துவருகிறது. அங்கே உங்கள் படத்தைப் பார்ப்பவர்களில் பலருக்குத் தமிழ் வசனத்துக்குச் சப்டைட்டிலே தேவையில்லை.

பாட்டு விஷயமும் ஒன்று. முச்சக்கர வண்டியின் வானொலியில் பின்னணியில் பத்து விநாடி ஒலிக்கும் பழைய திரைப்பாட்டுக்கும் உரிமையாளர் இருக்கிறார். தெரிவான பிறகு விழா உரிமைப் பத்திரம் கேட்கும்போது அலைவதைவிட, படத்தொகுப்பின்போதே அந்தப் பாட்டை எடுத்துவிடுவது நல்லது. அனுப்பிய காணொளி இணைப்பின் கடவுச்சொல்லை முடிவு வரும்வரை மாற்றாதீர்கள். திறக்காத இணைப்புக்காக எவரும் உங்களைத் தேடி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். தெரிவானால் திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி, அதாவது டிசிபி, கேட்பார்கள். அதை அனுப்புவதற்கு முன் உண்மையான திரையரங்கு ஒன்றில் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். கணினியில் சரியாகக் கேட்ட வசனம் மண்டபத்தில் மழைச் சத்தத்துக்குள் மூழ்கிப்போகும்.

மறுப்பு வந்தால் காரணம் கேட்டு எழுத வேண்டாம். பதில் வராது, பெயர்தான் நினைவில் நிற்கும். நடுவர்களை முகநூலில் தேடிச் செய்தி அனுப்புவது அதைவிட மோசம்.

மழைப் படம் எடுத்த அந்தத் தம்பி இரண்டாவது படத்தை முடித்துவிட்டார். பன்னிரண்டரை நிமிடம், பெயர்ப்பட்டியலும் சேர்த்து. கடவுச்சொல் போட்ட இணைப்பு என்னிடமும் இன்னும் நான்கு பேரிடமும் மட்டும் இருக்கிறது. அதில் தாயாக நடித்தவர் அவருடைய சொந்தப் பெரியம்மா. படத்தை எப்போது முகநூலில் போடுவாய், கனடாவில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்று வாரம் தவறாமல் கேட்கிறாராம். இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் பெரியம்மா என்று சொல்லி வைத்திருக்கிறார்.