ஸ்டார்ட்அப் வீக்எண்ட்: ஐடியா இல்லாமல் போகிறவர்களுக்கு

முன்பின் தெரியாதவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரே வார இறுதிக்குள் ஒரு புதுத் தொழிலை உருவாக்கிப் பார்க்கிற நிகழ்ச்சிதான் ஸ்டார்ட்அப் வீக்எண்ட். "எங்கிட்ட ஐடியாவும் இல்லை, கோடிங்கும் தெரியாது, நான் அங்கே போய் என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டுமே இல்லாமல்தான் நான் போகிறேன். கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், மார்ச் மாதத்தில் ராத்தூக்கம் கிடையாது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் ஐடியா சொல்ல எப்போதும் ஆள் இருக்கும். கணக்குப் போடவும், வெயிலில் இறங்கி நாலு பேரிடம் பேசவும்தான் ஆள் கிடைக்காது. அந்த ஆளாகப் போக நினைப்பவர்களுக்கு இது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் என்ற ஊரில் ஆண்ட்ரூ ஹைட் என்பவர் ஆரம்பித்தது இது. முதல் தடவை வந்த சுமார் 70 பேரும் சேர்ந்து ஒரே கம்பெனியைக் கட்டப் பார்த்தார்கள். 70 பேர் ஒரு முடிவெடுக்க உட்கார்ந்தால் என்னவாகும் என்று நம் ஊர் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சின்னச் சின்னக் குழுக்கள்தான். 2015லிருந்து, புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்து வளர்த்துவிடுகிற டெக்ஸ்டார்ஸ் என்ற அமெரிக்க அமைப்பின் கீழ் நடக்கிறது. இதே அச்சில் கல்லூரிகளும், புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கிற இன்குபேட்டர் மையங்களும் வேறு பெயர்களில் நடத்துகின்றன. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை 54 மணி நேரம். வெள்ளிக்கிழமை யார் வேண்டுமானாலும் மேடையேறி 60 விநாடியில் ஐடியா சொல்லலாம். வந்தவர்களே ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய ஐடியாக்களைச் சுற்றிக் குழு சேரும். ஞாயிறு மாலை நடுவர்கள் முன்னால் விளக்கம். அவர்கள் பார்ப்பது மூன்று: பணம் எப்படி வரும், வாடிக்கையாளரிடம் கேட்டுப் பார்த்தீர்களா, பொருளை எந்த அளவுக்குச் செய்து முடித்தீர்கள்.

கொண்டுபோக வேண்டியது லேப்டாப், சார்ஜர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கடைசியாகச் சொன்னது கையில் இருந்தால் உங்களைக் குழுவில் சேர்க்கவே நாலு பேர் வருவார்கள். சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடங்கும்.

இனி முக்கியமான விஷயம், எந்தக் குழுவில் சேருவது. ஓட்டெடுப்பு முடிந்ததும் அரங்கமே சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். கிடைக்கிற அரை மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பரபரப்பில் ஐடியா நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஐடியா எப்படியும் சனிக்கிழமை மதியத்துக்குள் மாறிவிடும். ஐடியா சொன்னவரிடம் போய், "இதுக்குக் காசு கொடுக்கப்போறது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். "எல்லாருக்கும் தேவைப்படும்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் நகருங்கள். "கணபதி பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கறவங்க" (கணபதி கோவையில் ஒரு பகுதி) என்பது மாதிரி ஒரு ஊரும் ஒரு தொழிலும் பதிலில் வந்தால் நின்று பேசலாம்.

அடுத்து, அந்த ஆட்களைச் சனிக்கிழமை பார்க்க முடியுமா என்று யோசியுங்கள். வங்கி மேலாளர்களுக்கான மென்பொருள் அருமையான யோசனையாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது சனிக்கிழமை என்றால் எங்கே போய் அவர்களைப் பிடிப்பீர்கள்? அப்புறம் குழுவில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து கோடிங்காரர்கள் இருக்கிற குழுவுக்கு நீங்கள் தங்கம். உங்களை மாதிரியே மூன்று பேர் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

சேரும்போது பட்டத்தைச் சொல்லாதீர்கள், செய்யப்போகிற வேலையைச் சொல்லுங்கள். "நான் ஃபைனான்ஸ்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஒரு கஸ்டமருக்கு நமக்குக் கையில் எவ்வளவு நிற்கும்னு கணக்குப் போட்டுத் தரேன், காலையில் பட்டறைகளுக்கு நானும் வரேன்" என்றால் உடனே நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

நான் இருந்த ஒரு குழுவின் சனிக்கிழமையை வைத்தே மிச்சத்தைச் சொல்கிறேன். லேத் பட்டறைகளில் மெஷின் சும்மா நிற்கிற நேரத்தை, வேலை வைத்திருக்கிற கம்பெனிகளோடு இணைக்கிற ஆப். இதுதான் எடுத்த ஐடியா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளி இரவே கோடிங் பையன்கள் இரண்டு பேர் ஆப்பின் திரைகளை வரைய ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் மூன்று பேர் கணபதிக்குக் கிளம்பினோம். எங்கள் பக்கம் சனிக்கிழமைதான் பல பட்டறைகளில் வாரச் சம்பளம். மதியத்துக்கு மேல் போனால் ஓனர் பணம் புரட்டுகிற கவலையில் இருப்பார், முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதனால் பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பேச்சை ஆரம்பிக்கும்போது உங்கள் ஐடியாவைச் சொல்லாதீர்கள். சொன்னால் மரியாதைக்காக "நல்லா இருக்குங்க" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "போன மாசம் எதுக்குங்கண்ணா ரொம்ப அலைஞ்சீங்க?" என்று கேளுங்கள்.

ஒரு அண்ணன் கையிலிருந்த எண்ணெயை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் நிக்கறதெல்லாம் ஒரு பிரச்னையே இல்லைங்க. பில்லுப் போட்டுத் தொண்ணூறு நாளாச்சு, காசு வரலைங்க. போன் பண்ணினா எடுக்கமாட்டேங்கறாங்க. அதுக்கு எதாச்சும் ஆப் இருந்தாச் சொல்லுங்க." அடுத்த பட்டறையிலும் இதே பாட்டு. அதற்கடுத்த இடத்தில் ஓனர் மேஜை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டையே எடுத்துக் காட்டினார்.

எனக்கு இது தெரிந்த சங்கதி. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற 'பேங்க் ரேட்' வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமானவரியிலும் பிடி இறுகிவிட்டது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது. இதை நான் பெருமையாக எடுத்துச் சொன்னதும் அந்த ஓனர் சிரித்தார். "அப்படி லெட்டர் போட்டா அடுத்த ஆர்டர் வருமுங்களா?"

இந்த ஒரு வரிக்காகத்தான் வெளியே போகச் சொல்கிறேன். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது, ஆனால் அவர் வாயால் கேட்க முடியாது. வேறு யாராவது, மரியாதையாக, அவர் பெயர் கெடாமல் கேட்டால் போதும். ஆப்பில் பில் தேதியைப் போட்டுவிட்டால் 30வது நாள், 40வது நாள், 45வது நாள் என்று 'கணக்குப் பிரிவிலிருந்து' வாட்ஸ்அப்பில் தன்மையாக நினைவூட்டல் போகும், கீழே பட்டறையின் உத்யம் எண் (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்த எண்) இருக்கும். ஐடியா அங்கேயே மாறிவிட்டது.

மாற்றத்தைக் குழுத் தலைவரிடம் சொல்வது தனிக் கலை. அது அவருடைய ஐடியா, மேடையேறிச் சொல்லி ஓட்டு வாங்கியது. "உங்க ஐடியா வேலைக்கு ஆகாது" என்று ஆரம்பித்தால் சனிக்கிழமை முழுக்கச் சண்டைதான். பேசியவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி மேஜையில் வையுங்கள், முடிந்தால் அவரையே ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். உதாரணத்துக்கு ஆள் தேவைப்பட்டால் ஈஸி டாக்சியைச் சொல்லலாம். 2011ல் ரியோ டி ஜெனிரோவில் பஸ் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப் செய்ய வந்தவர்தான், வீக்எண்ட் முடிவதற்குள் டாக்சி அழைக்கிற ஆப்புக்குத் தாவினார்.

மதியத்துக்கு மேல் வழிகாட்டிகள் ஒவ்வொருவராக மேஜைக்கு வருவார்கள். ஒருவர் விலையை ஏற்று என்பார், அடுத்தவர் இலவசமாகக் கொடு என்பார். இரண்டையும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். பட்டறைக்காரர் சொன்னதற்கே எடை அதிகம்.

கணக்கை ஒரு கூகுள் ஷீட்டுக்குள் முடியுங்கள். ஐந்து வருஷ வருமானக் கணிப்பு வேண்டாம், அதை எந்த நடுவரும் நம்பமாட்டார். நாங்கள் காட்டியது இவ்வளவுதான்: ஒரு பட்டறை மாதம் கொடுப்பது 300 ரூபாய், அந்தப் பட்டறையை வாடிக்கையாளராகச் சேர்க்க ஒரு பையன் வண்டியில் இரண்டு தடவை போய்வர 400 ரூபாய். ஆக, இரண்டாவது மாதச் சந்தா வந்தால்தான் போட்ட காசு திரும்பும், அதற்குமுன் விலகினால் நஷ்டம். முடிந்தால் சனிக்கிழமையே யாரிடமாவது யூபிஐயில் முதல் மாதச் சந்தாவை வாங்கிவிடுங்கள். "வாங்கிக்குவேன்னு சொன்னாங்க" என்பதற்கும் 300 ரூபாய் வந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் நடுவர் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு.

இரவு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். விடிய விடிய உட்கார்வது வீரம் என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். ஞாயிறு மதியம் அவர்கள் எழுதுகிற கோடிங்கைப் பார்த்தால் தெரியும்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்கவிடாதீர்கள். பேச்சு பெரும்பாலும் ஐந்து நிமிடம், அப்புறம் கேள்வி. யார் நன்றாகப் பேசுவாரோ அவர் பேசட்டும், எல்லாரும் ஆளுக்கொரு ஸ்லைடு என்று பங்கு பிரிக்க வேண்டாம். டெமோவை முன்னமே வீடியோவாகப் பிடித்து வையுங்கள், அரங்கத்து வைஃபை அந்த நேரம் பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும். பணத்தைப் பற்றிய கேள்வி வந்தால் நீங்கள் எழுந்து பதில் சொல்லுங்கள்.

கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விஷயத்தை வெள்ளி இரவே வாட்ஸ்அப் குரூப்பில் எழுத்தில் போடச் சொல்லுங்கள். சட்ட மொழி வேண்டாம். "திங்கட்கிழமைக்கு மேல் தொடர்பவர்கள் சேர்ந்து பங்கைப் பேசுவோம், தொடராதவர்கள் உரிமை கேட்கமாட்டோம்" என்று இருந்து, எல்லாரும் ஓகே போட்டால் ஆரம்பத்துக்குப் போதும். டொமைன் (இணையதள முகவரி) யார் பெயரில், காசு யார் போட்டது என்பதையும் அங்கேயே பதிந்துவிடுங்கள்.

பரிசு கிடைத்த சூட்டில் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்ய ஓடாதீர்கள். பதிவான 30 நாளில் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் தொழில் தொடங்கிய அறிவிப்பு, பிறகு வருஷா வருஷம் தாக்கல் என்று நீளும். வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதெல்லாம் உண்டு. எங்கள் ஆபீஸுக்கு இது வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன், பத்துப் பட்டறையாவது மாதாமாதம் காசு கொடுக்கட்டும், அப்புறம் வாருங்கள்.

குழு கலைகிறது என்று முடிவானால், சந்தா கொடுத்தவர்களுக்கு அன்று இரவே யூபிஐயில் பணத்தைத் திருப்பி அனுப்பி, ஒரு போனும் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அவர்களே கடன் வசூலில் நொந்துபோய் இருப்பவர்கள்.